நிறுத்தத்தை மட்டும் வெட்டாதே

புகை அலாரம் அலறியது.

செத்தல் மிளகாய் வறுக்கிற நாளில் அது அலறாவிட்டால்தான் அதிசயம். மங்கையற்கரசி தாச்சியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்து, துவாயை எடுத்து அலாரத்துக்குக் கீழே விசிறினாள். அது அடங்கவில்லை. அதோடு இன்னொரு கீச்சுச் சத்தமும் சேர்ந்துகொண்டது. இரண்டும் ஒரே சுருதி. வாசலில் நின்று யாரோ ஓர் ஆண் கத்துகிறான் என்பது சற்றுப் பிந்தித்தான் அவளுக்குப் பிடிபட்டது.

"அன்ரி! அன்ரீ! நெருப்பே? பொலிசுக்கு அடிக்கட்டோ?"

கதவைத் திறந்தாள். துஷாந்த் நின்றான். நீலக் கோட், பளபளக்கும் சப்பாத்து, கையில் ஒரு பழக்கூடை. அதே நேரம் அலாரம் நின்றுபோனது. அவன் மட்டும் அதே சுருதியில் தொடர்ந்தான்.

"மில்லிக்கன் ஏரியா முழுக்கத் தும்முது அன்ரி. சம்பலோ, கண்ணீர்ப்புகையோ?"

இவன் என்றைக்காவது தன் வாசலில் வந்து நின்றால் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது என்று அவள் பல மாதங்களாக நினைத்து வைத்திருந்தாள். சாத்தவில்லை. நன்றாகத் திறந்து பிடித்தாள்.

"உள்ளை வா, தம்பி."

வரவேற்பறைச் சுவரில் அவள் கணவர் சிவபாதத்தின் படம் மாலையோடு தொங்கியது. துஷாந்த் அதைப் பார்த்தான். உடனே கைபேசியைப் பார்த்தான்.

கனடாவில், ஸ்காபரோவிலிருந்து மார்க்கம் வரை எந்தத் தமிழ்ச் சமையலறைக்குள் நுழைந்தாலும் ஒரு காலத்தில் மங்கையற்கரசியின் குரல்தான் கேட்கும். காலைச் செய்தி அவள், கடை விளம்பரம் அவள், மரண அறிவித்தலும் அவள். ஆனால் அவளுக்கென்று இருந்த நிகழ்ச்சி ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் 'வெள்ளை மாளிகைக் குரல்கள்'. அமெரிக்க ஜனாதிபதிகளின் பேச்சுகளை ஒலிபரப்பி, பிறகு ஒரு மெக்கானிக் என்ஜினைக் கழற்றுவது போல அந்தக் குரல்களைக் கழற்றிக் காட்டுவாள். இந்த ஆள் எங்கே மூச்சு எடுக்கிறார், எந்தச் சொல்லில் சாய்கிறார், எங்கே பயத்தை விழுங்குகிறார் என்று சொல்வாள். பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்குத் தயார்செய்யும் தாய்மார் அதைப் பதிந்து வைத்துக் கேட்டார்கள். அமெரிக்காவையே பிடிக்காதவர்களும் கேட்டார்கள்.

பிறகு, வீடு விற்கும் தரகனாக இருந்த துஷாந்த் அந்த வானொலியை வாங்கினான். "இளம் குரல் வேணும் அன்ரி" என்று சொல்லி ஒரு பூங்கொத்தோடு அவளை வெளியே அனுப்பினான். அவள் போனாள். அவள் பதிந்து வைத்த ஞாயிற்றுக்கிழமைகள் வானொலியிலேயே கிடந்தன. சென்னையிலிருந்து வந்த ராஜீவ் என்ற கணினிக்காரப் பையன் அவற்றையெல்லாம் ஒரு மென்பொருளுக்கு ஊட்டினான். எழுதிக் கொடுத்தால் போதும், அது அவள் குரலில் வாசித்தது. சம்பளம் கேட்காது. தடிமன், காய்ச்சல் பிடிக்காது. அவளிடம் யாரும் ஒரு சொல் கேட்கவில்லை.

சேலைக்கடை விளம்பரத்தில் தன் குரலைக் கேட்டபோது சிரித்துவிட்டுச் சும்மா இருந்தாள். அது அவள் செய்த பிழை.

போன தை மாதம் சிவபாதம் மாரடைப்பில் போனார். மலர்ச்சாலையில் உடலைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். அவள் தலைமாட்டில் இருந்தாள். வெளியே கார்களுக்குள் சனம் வானொலியைக் கேட்டபடி வந்து இறங்கிக்கொண்டிருந்தது. வானொலியில் அவளேதான் வாசித்தாள். 'சிவபாதம் அவர்கள் காலமானார். அன்னார் மங்கையற்கரசியின் அன்புக் கணவரும்...' குரலில் ஒரு நடுக்கம் இல்லை, ஒரு தழுதழுப்பு இல்லை. மூச்சு விடாமல் அடுத்ததாக நகைக்கடை விளம்பரம். அதிலும் அவளேதான். அதில் அவள் சிரித்தாள்.

முதியோர் சங்கத் தலைவி பாலேஸ்வரி காரிலிருந்து இறங்கி நேரே பெட்டியடிக்கு வந்தா. அவளுக்கு அக்கா மாதிரி இருந்தவ.

"மனுசன் இஞ்சை கிடக்க, ரேடியோவிலை போயிருந்து வாசிச்சனியோடி? எப்பிடியடி உனக்கு மனம் வந்தது?"

"அக்கா, அது நான் இல்லை."

"உன்ரை குரல் எங்களுக்குத் தெரியாதே?"

அதற்கு மேல் எதைச் சொல்லியும் எடுபடவில்லை. பாலேஸ்வரி தகனத்துக்கு நிற்காமல் போனா. அதோடு சனமும் விலகியது. கோயிலில் அவளைக் கண்டால் கதை நிற்கும். 'காசுக்காகப் புருசன்ரை சாவை வாசிச்சவ' என்று ஒரு பெயர் அவளுக்குத் தங்கிவிட்டது. துஷாந்திடம் தொலைபேசியில் கேட்டாள். "உங்கடை குரல் எண்டு எங்கை அன்ரி எழுதியிருக்கு?" என்றான். அன்று பின்னேரமே வானொலியில், 'மங்கையற்கரசி அன்ரி எண்டைக்கும் எங்கடை குடும்பம்' என்றும் சொன்னான். அவள் இன்னும் அங்கேதான் வாசிக்கிறாள் என்று சனம் நம்ப அது போதும்.

இப்போது அதே துஷாந்த் அவளுடைய சோபாவின் நுனியில் இருந்து தேத்தண்ணி குடித்தான்.

"அன்ரி, நான் எலெக்ஷன் கேக்கிறன். ஸ்ரௌவ்வில் பக்கம். கட்சிக்குள்ளை ஆரை நிப்பாட்டுறது எண்டு மெம்பர்மார் ஒரு கூட்டத்திலை எங்கடை பேச்சைக் கேட்டு வோட் போடுவினம். எனக்கு எதிரா ஸ்டெபனி நிக்கிறா, அந்த லோயர் பெட்டை. அவ வாயைத் திறந்தால் மணி அடிச்ச மாதிரி. எனக்கு..."

"அலாரம் அடிச்ச மாதிரி."

அவன் சிரிக்க முயன்றான். "கட்சிக்காரரும் அதைத்தான் சொல்லுகினம். எல்லாம் நல்லாயிருக்காம், குரல்தானாம் பிரச்சினை. உங்கடை வெள்ளை மாளிகை ப்ரோக்ராம் எனக்கு ஞாபகம் வந்தது. என்னை அந்த மாதிரிக் கதைக்கப் பழக்கிவிடுங்கோ. எவ்வளவு வேணுமெண்டாலும் தாறன்."

"காசு வேண்டாம். ரேடியோவிலை ஒரு வசனம் சொல்லு. என்ரை மனுசன்ரை அறிவித்தலை நான் வாசிக்கேல்லை, மெஷின் வாசிச்சது எண்டு. அவ்வளவுதான்."

துஷாந்த் கோப்பையைக் கீழே வைத்தான்.

"வெண்டாப் பிறகு கட்டாயம் சொல்லுறன் அன்ரி. இப்ப சொன்னால் ஸ்டெபனியின்ரை ஆக்கள் பிடிச்சுக்கொள்ளுவினம். பாலேஸ்வரி அன்ரியின்ரை சங்கம் முழுக்க எனக்குத்தான் வோட். அவ குழம்பினால் எல்லாரும் குழம்புவினம்." பிறகு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒன்று சொன்னான். "இப்ப என்ன அவசரம்? செத்தவர் எழும்பியே வரப்போறார்?"

சமையலறையில் மிளகாய்க் காரம் இன்னும் அடங்கவில்லை. மங்கையற்கரசியின் கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்தால்தான் என்று அவன் நினைத்திருப்பான்.

"சரி" என்றாள். "பழக்கிறன். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு மேடை அறிவிப்பு நான்தான் செய்வன்."

"அடடா! நானே கேக்க இருந்தனான்" என்று அவன் எழுந்து அவள் காலைத் தொடப் பார்த்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

வகுப்பு அவளுடைய சாப்பாட்டு மேசையில் நடந்தது. லப்டொப்பில் பழைய ஒலிப்பதிவுகள், இரண்டு பக்கமும் சின்ன ஸ்பீக்கர்.

முதலில் தியடோர் ரூஸ்வெல்ட்டைப் போட்டாள். இசைத்தட்டைக் கீறுகிற ஊசிச் சத்தத்துக்கு நடுவே ஒரு மெல்லிய, உயர்ந்த குரல்.

"உது ஆர்? மனுசியோ?" என்றான் துஷாந்த்.

"படத்தைப் பார். நெஞ்சைப் பார், மீசையைப் பார். கரடி மாதிரி ஆள். குரல் இவ்வளவுதான். லிங்கனுக்கும் கீச்சுக் குரல்தான் எண்டு கேட்ட ஆக்கள் எழுதி வைச்சிருக்கினம். அந்தக் காலத்திலை மைக் இல்லை. கீச்சுக் குரல்தான் கூட்டத்தின்ரை கடைசி ஆள் வரைக்கும் போகும். கனத்த குரல் முன் வரிசையோடை செத்துப்போகும். உன்ரை குரல் இந்தச் சாதி. அதை ஒளிக்காமல், சொல்லை மட்டும் ஆறுதலா விட்டால் சனம் கேக்கும்."

இது அவள் மனதாரச் சொன்னது. தொழில் அவளை அந்த ஒரு நிமிடம் பழியை மறக்க வைத்தது. அவன் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி முடிந்திருக்கும்.

"வேற ஆக்கள் இல்லையோ அன்ரி?" என்றான்.

பிராங்ளின் ரூஸ்வெல்ட்டைப் போட்டாள். "இவர் ரேடியோவுக்குப் பிறந்த மனுசன். நாட்டுக்குக் கதைக்கேல்லை, குசினியிலை இருக்கிற ஒரு ஆளுக்குக் கதைச்சார். அதாலைதான் எல்லாரும் தனக்குத்தான் சொல்லுறார் எண்டு நினைச்சினம்."

"ஸ்லோ. நித்திரை வருது."

கென்னடியைப் போட்டாள். "இவர் கத்தரிக்கோல். வசனத்தை வெட்டி வெட்டி வைப்பார், கையாலையும் வெட்டுவார். வேகம் கூட."

"ஸ்டைல். ஆனால் இவரின்ரை குரலும் கொஞ்சம் மேலைதானே நிக்குது?"

ரேகனைப் போட்டாள். "இவரும் ஒரு காலத்திலை ரேடியோ அறிவிப்பாளர், தெரியுமே? குரலுக்குள்ளை காத்தைக் கலந்து விடுவார். கோபத்தைக் கூடப் போர்வை போர்த்தித்தான் வெளியிலை விடுவார்." ட்ரம்பைப் போட்டாள். "இவர் எழுதினதை விட்டிட்டு ரோட்டிலை கண்ட ஆளோடை கதைக்கிற மாதிரிக் கதைப்பார். சொன்னதையே மூண்டு தரம் சொல்லுவார். அதுவும் ஒரு வித்தைதான்."

கடைசியாக ஒபாமா. கனத்த, ஆறுதலான குரல் மேசையில் அதிர்ந்தது. ஒரு வசனம். பிறகு ஒன்றுமே இல்லை. அந்த வெறுமைக்குள் ஆயிரக்கணக்கான சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது கேட்டது. பிறகு அடுத்த வசனம்.

துஷாந்த் நிமிர்ந்தான். "இது! இதுதான் அன்ரி! எனக்கு இது வேணும்!"

மங்கையற்கரசி அவன் கழுத்தைப் பார்த்தாள். மெல்லிய கழுத்து, துருத்திய குரல்வளை. இந்தத் தொண்டையை நெரித்துக் கீழே இறக்கி, அந்த ஆழத்திலேயே கத்த வைத்தால் அது எத்தனை நாள் தாங்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கூட்டத்துக்கு மூன்று கிழமை இருந்தது.

"செய்யலாம்" என்றாள். "நாடியை நெஞ்சோடை இறக்கு. தொண்டையிலையிருந்து தள்ளு. இன்னும் கீழை. இன்னும்."

அவன் தள்ளினான். ஏப்பம் போல ஒரு சத்தம் வந்தது. அவனுக்கே அது பிடித்துக்கொண்டது.

அதிலிருந்து அவன் ஆள் மாறிவிட்டான். ஸ்ரௌவ்வில்லின் புது வீடுகளில் கதவு தட்டும்போதும் அந்தக் குரல். காரில் நானூற்று நாலாம் நெடுஞ்சாலையில் ஏறினால் கண்ணாடியைப் பூட்டிவிட்டு அந்தக் குரலில் முழுப் பேச்சையும் கத்துவான். இரண்டாம் கிழமை வந்து, "அன்ரி, தொண்டை நோகுது" என்றான்.

"புதுச் சப்பாத்தும் முதல்லை கடிக்கும்."

"அப்ப விடாமல் செய்யட்டோ?"

"விடாமல் செய்."

அன்று அவன் போன பிறகு கைபேசியைக் கையில் எடுத்தாள். கதையாதே, இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு சுடுதண்ணி குடி என்று ஒரு வரி அனுப்பினால் போதும், தொண்டை தேறிவிடும். விரலை வைத்தபடி நின்றாள். பக்கத்து வீட்டு அடுப்படி ஜன்னலால் வானொலி கேட்டது. யாரோ ஒருவரின் மரண அறிவித்தல். நடுக்கமில்லாத தன் குரல். அடுத்ததாகத் தளபாடக் கடை. அவள் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

பேச்சை அவளே எழுதிக் கொடுத்தாள். நல்ல பேச்சு, அதில் அவள் வஞ்சகம் செய்யவில்லை. உச்சக்கட்ட வசனத்துக்கு முன்னால் சிவப்புப் பேனையால் ஒரு தடித்த கோடு இழுத்திருந்தாள்.

"இந்த இடத்திலை நில். மூச்செடு. சனத்தை இந்தக் கரையிலையிருந்து அந்தக் கரை வரைக்கும் பார். அவசரப்படாதை. இதுதான் ஒபாமாவின்ரை நிறுத்தம்."

கூட்டத்துக்கு முதல் நாள் மதியம் ராஜீவ்தான் தொலைபேசியில் கூப்பிட்டான். "மேடம், கொஞ்சம் ஸ்டேஷனுக்கு வர முடியுமா? சாருக்குச் சுத்தமா குரல் இல்ல."

போனாள். துஷாந்த் ஸ்டூடியோ கதிரையில் கழுத்தைச் சுற்றி மஃப்ளரோடு இருந்தான். வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. மேசையில் பேச்சு விரிந்து கிடந்தது. ராஜீவின் திரையில் ஒலி அலைகள் பச்சையாக ஓடின.

ராஜீவ் தட்டினான். ஸ்பீக்கரில் துஷாந்தின் குரல் வந்தது. கனத்த, ஆறுதலான, அவன் தொண்டையால் ஒருநாளும் தொட முடியாத ஆழத்தில்.

மங்கையற்கரசிக்கு இது அதிர்ச்சி இல்லை. குரல் போனால் இவன் எந்தக் கதவைத் தட்டுவான் என்று அவள் முதல் நாளே கணித்திருந்தாள். 

"என்ன பிளான்?" என்றாள்.

"போடியம் மைக்கை ஆஃப் பண்ணிடுவோம், மேடம். இது ஓடும். சார் வாயசைப்பார்" என்றான் ராஜீவ். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் சொன்னேன், வேணாம்னு."

"தம்பி" என்று அவள் துஷாந்தின் பக்கம் திரும்பினாள். "கேள். நாளைக்கு மேடையிலை ஏறி, குரல் போயிட்டுது, மன்னியுங்கோ எண்டு உள்ள காத்திலை நாலு வசனம் சொல்லு. சனம் இரங்கும். அழுதாலும் அழும். மிச்சத்தை நான் வாசிக்கிறன்."

அவன் தலையை ஆட்டினான். காற்றாகச் சொன்னான். அவள் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"பயப்பிடாதேங்கோ அன்ரி. உங்கடை குரலிலை செய்து பார்த்ததுதானே. ஒரு சனத்துக்கும் தெரியேல்லை. பெத்த தாய்க்கும் தெரியாது."

அவள் நிமிர்ந்தாள்.

"மேடம், இந்த கேப் ரொம்ப நீளமா இருக்கே" என்று ராஜீவ் திரையைக் காட்டினான். சிவப்புக் கோடு இருந்த இடத்தில் அலைகள் இல்லை. வெறும் நேர்கோடு. "கொஞ்சம் குறைச்சிடட்டுமா?"

"நிறுத்தத்தை மட்டும் வெட்டாதை. அதிலைதான் சனம் விழும்."

துஷாந்த் பெருவிரலை உயர்த்திக் காட்டினான். பிறகு ராஜீவின் கையைப் பிடித்துக் காற்றாக உத்தரவு போட்டான்: ஓடத் தொடங்கினால் கடைசி வரை தொடாதே. நடுவில் நிறுத்தினால் பிடிபட்டுவிடும்.

ஸ்டீல்ஸ் ரோட்டு விருந்து மண்டபம் நிரம்பி வழிந்தது. வட்ட மேசைகளில் ரோல்ஸும் வடையும். முதியோர் சங்கத்து பஸ் வந்து இறங்கி, முன் மேசைகள் முழுக்கச் சால்வையும் கம்பளித் தொப்பியுமாக இருந்தது. அவர்களுக்கு நடுவே பாலேஸ்வரி, மடியில் பொன்னாடைப் பெட்டியோடு.

மங்கையற்கரசி மேடையிலிருந்து இறங்கி அந்த மேசைக்குப் போனாள். கதை நின்றது.

"அக்கா, பொன்னாடை நீங்கள்தானே போடுறது?"

"ஓம். கடைசியிலை எண்டு தம்பி சொன்னவர்." பாலேஸ்வரி அவளைப் பார்க்காமல் சொன்னா.

"கடைசியிலை சனம் சாப்பாட்டுக்கு எழும்பிப் போயிடும். நடுவிலை அவர் ஒருக்கா நிப்பார். அப்ப நான் கூப்பிடுறன். மேடைப் படியடியிலை வந்து நில்லுங்கோ. வீடியோவுக்கும் வடிவாயிருக்கும்."

"எதை எப்ப செய்தால் வடிவு எண்டு உனக்குத் தெரியாததே? உதிலை நீ கெட்டிக்காரியாச்சே." பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

மங்கையற்கரசி மேடைக்குத் திரும்பினாள்.

கனடா கீதம் முடிந்தது. அகவணக்கத்துக்கு எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள். ஸ்டெபனி முதலில் பேசினாள். சுருக்கமாக, தன் சொந்தக் குரலில், தமிழில் தடக்கிய இடத்தில் தானே சிரித்துக்கொண்டு. நல்ல கைதட்டல் வந்தது. பிறகு மங்கையற்கரசி துஷாந்தை அழைத்தாள். அவன் மேடையேறி, போடியத்தில் கை வைத்து, நாடியை இறக்கினான்.

"என் அன்புக்குரிய உறவுகளே."

மண்டபம் திகைத்தது. அந்தக் கனத்த குரல் கூரையில் மோதி எல்லோர் நெஞ்சிலும் இறங்கியது. பின் மேசையிலிருந்து ஒருவர், "எட, துஷாந்துக்கு இப்பத்தான் குரல் உடைஞ்சிருக்கு, வயசுக்கு வந்திட்டான்!" என்று கத்தினார். சிரிப்பு. பதிவில் அந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளி இருந்ததால், அவன் சிரிப்புக்கு இடம் விட்டது போல இருந்தது. தற்செயலாகப் பொருந்திப் போனது. வாய் பிசகவில்லை. கையைக் கென்னடி மாதிரி வெட்டினான். மூன்று கிழமைப் பயிற்சி வீண்போகவில்லை. ரோல்ஸ் கடித்துக்கொண்டிருந்த வாய்கள் நின்றன. முன் மேசையில் ஒரு முதியவர், "ஒபாமாவே வந்த மாதிரி" என்று மனைவிக்குச் சொன்னார். ஸ்டெபனி தன் மேசையில் விரல்களைப் பின்னிக்கொண்டு பார்த்திருந்தாள்.

பின்பக்கம் ராஜீவ் லப்டொப்பின் முன்னால், கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான்.

"நாங்கள் இந்த நாட்டுக்கு வெறுங்கையோடு வந்தோம்" என்றது குரல். "எங்களிடம் மிஞ்சியது ஒன்றுதான்."

சிவப்புக் கோடு.

துஷாந்த் வாயை மூடி, மூச்செடுத்து, சனத்தை இந்தக் கரையிலிருந்து பார்க்கத் தொடங்கினான். மண்டபத்தில் ஒரு கரண்டிச் சத்தம் இல்லை.

மங்கையற்கரசி தன் மைக்கை உயர்த்தினாள்.

"இந்தப் பொன்னான வேளையில், முதியோர் சங்கத் தலைவி பாலேஸ்வரி அவர்கள் பொன்னாடை போர்த்தி எங்கள் துஷாந்தைக் கௌரவிப்பார்!"

படியடியில் தயாராக நின்ற பாலேஸ்வரி விறுவிறுவென்று மேடையேறினா. சனம் கைதட்டி எழுந்தது. நூறு கைபேசிகள் உயர்ந்தன. பின்பக்கம் ராஜீவும் எழுந்து எட்டிப் பார்த்தான். கைகளும் கைபேசிகளும் தவிர அவனுக்கு எதுவும் தெரியவில்லை.

துஷாந்தின் கண் மட்டும் ஒருமுறை மங்கையற்கரசியிடம் வந்தது. அவள் அறிவிப்பாளரின் புன்னகையோடு நின்றாள்.

மூத்த ஒரு மனுசி பொன்னாடையோடு முன்னால் வந்து நின்றால் ஒரு தமிழன் செய்யக்கூடியது ஒன்றுதான். கை கூப்ப வேண்டும். தலை குனிய வேண்டும். வாயை மூடிச் சிரிக்க வேண்டும். உண்மையாகப் பேசுகிறவன் என்றால் அது முடியும்வரை பேச்சை நிறுத்திக் காத்திருப்பான். அவன் குனிந்தான். பாலேஸ்வரி சிவப்புச் சரிகைத் துணியை விரித்து அவன் தோளில் போட்டு, முன்பக்கம் இழுத்துச் சரிசெய்தா. அவன் வாய் பாலேஸ்வரியின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இறுக மூடி இருந்தது.

"எங்கள் குரல்!" என்று முழங்கியது துஷாந்தின் குரல். "அதை இனி எவராலும் எங்களிடமிருந்து பறிக்க முடியாது!"

கைதட்டிய கைகள் பாதியில் நின்றன.

துஷாந்த் வாயைத் திறந்தான். பிந்திவிட்டது. வாய் ஒரு சொல்லில் நிற்க, குரல் நாலு சொல் தாண்டிப் போனது. கையை ஆட்டி நிறுத்தச் சொன்னான். சனத்துக்கு மேலால் ராஜீவுக்கு அது தெரியவில்லை. "என் குரலை நம்புங்கள்" என்றது குரல். அவன் போடியம் மைக்கைப் பிடித்து ஏதோ கத்தினான். காற்று மட்டும் வந்தது. ஒரு குழந்தை சிரித்தது. பிறகு ஒரு மேசை சிரித்தது. கடைசியில் யாரோ வயரைப் பிடுங்க, அந்தக் கனத்த குரல் ஒரு சொல்லின் நடுவில் அறுந்தது.

பாலேஸ்வரி சிரிக்கவில்லை. பொன்னாடையின் நுனி இன்னும் அவவின் கையில் இருந்தது. துஷாந்தின் வாயைப் பார்த்தா. மேடைக் கரையில் நின்ற கறுப்பு ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்தா. பிறகு மெதுவாகத் திரும்பி, மாதக்கணக்காகப் பார்க்காத முகத்தைப் பார்த்தா.

மங்கையற்கரசி நடந்து வந்து தன் மைக்கை அவவின் வாயருகே பிடித்தாள். மண்டபம் முழுக்கக் கேட்கும்படி அந்தத் தளர்ந்த குரல் கேட்டது:

"எடி மங்கை, அப்ப உன்ரை மனுசன்ரை அறிவித்தலை அண்டைக்கு வாசிச்சதும் இந்தப் பெட்டிதானோ?"